ஸ்டிக்கரில் இருப்பது என் மகனின் முகம்

வந்த கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"என் மகனுக்கு 13 வயது, உயர்நிலை 1. ஹாக்கி பயிற்சி முடிந்து எம்ஆர்டி ரயிலில் வாய் திறந்தபடி தூங்கியபோது யாரோ படமெடுத்து, அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். வகுப்பு குரூப்பில் எதற்கெடுத்தாலும் அந்த ஸ்டிக்கர்தான். அப்புறம் அவன் இல்லாமல் இன்னொரு குரூப் தொடங்கி, அவன் நிறத்தை வைத்து அதற்கு ஒரு பெயர் சூட்டி, அந்தப் பெயரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கே அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வேண்டும் என்கிறான். என் முகக் கிரீம் வேகமாகத் தீர்ந்துபோகிறது, நான் அதைத் தொட்டே நாளாகிறது. அவன் தூங்கியபின் கைப்பேசியைத் திறந்து பார்த்துத்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது. இன்னொன்றும் பார்த்தேன். அதே குரூப்பில் பிப்ரவரியில், திக்கிப் பேசும் ஒரு பையன் போட்ட குரல் பதிவுக்குக் கீழே, என் மகனே திக்கித் திக்கிப் பேசி ஒரு பதிவு போட்டிருக்கிறான். கைப்பேசியைப் பிடுங்கிவிடலாமா? ஸ்டிக்கர் செய்த பையன் எதிர் புளோக்தான், அவன் பெற்றோரைப் போய்ப் பார்க்கட்டுமா? போலிசுக்குப் போகலாமா? பள்ளிக்குப் போனால் என் மகன் செய்ததையும் காட்ட வேண்டுமா? 'ஒரு குத்து விட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார் கணவர்." சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தாய்.

அன்புள்ள சகோதரி,

கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்களே, மகன் செய்ததையும் காட்ட வேண்டுமா என்று, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆமாம், காட்ட வேண்டும். மறைப்பதில் பயனும் இல்லை. அந்த குரூப்பில் இருக்கும் அத்தனை பேர் கைப்பேசியிலும் அதே உரையாடல் முழுசாக இருக்கிறது. நீங்கள் வெட்டி ஒட்டிய பக்கங்களோடு பள்ளிக்குப் போனால், அன்றைக்கே யாராவது ஒரு பையன் பிப்ரவரி மாதப் பதிவை ஆசிரியரிடம் போட்டுக் காட்டிவிடுவான், அந்த நிமிடத்திலிருந்து உங்கள் மகன் சொல்வது எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்தப் பதிவைப் பார்த்தால்தான் இந்த குரூப் எப்படி ஓடுகிறது என்பது புரியும். புதுப் பள்ளி, புது வகுப்பு, தொடக்கப்பள்ளிக் கூட்டாளிகள் வேறு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள், யார் எந்த இடத்தில் உட்காருவது என்று எல்லோரும் அடித்துக்கொள்ளும் நேரம். பிப்ரவரியில் மாட்டியவன் திக்கிப் பேசும் பையன். உங்கள் மகன் சில விநாடி மிமிக்ரி செய்து தன் இடத்தைப் பிடித்துக்கொண்டான். அன்று அதற்கு யார் யார் சிரிப்பு எமோஜி போட்டார்கள் என்று பாருங்கள், இன்று ஸ்டிக்கர் போடுகிறவர்கள் பட்டியலோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். இப்படி இரண்டு பக்கமும் நின்ற பிள்ளைகளைப் பள்ளி ஆலோசகர் வேலையில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பெற்றோர்கள் நினைப்பதைவிட அதிகம்.

இதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. அவனுக்கு நடப்பதும் நியாயமாகிவிடாது. "வினை விதைத்தவன் வினை அறுப்பான்" என்று வீட்டில் யாராவது சொல்ல வாயெடுத்தால் (பாட்டி இருந்தால் நிச்சயம் சொல்வார்) அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்ட பிள்ளை இனி எதையும் உங்களிடம் சொல்லாது.

சரி, இப்போது அவனிடம் பேச வேண்டும். பள்ளிக்கு எழுதுவதற்கு முன், போலிசை யோசிப்பதற்கு முன். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசாதீர்கள், அது விசாரணை மாதிரி ஆகிவிடும். சாமான் வாங்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள், நடந்துகொண்டே பேசுங்கள், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றாலே இந்த வயதுப் பையன்கள் கொஞ்சம் வாய் திறப்பார்கள். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "உன் போனைத் திறந்து பார்த்தேன். கேட்காமல் பார்த்ததற்கு உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஸ்டிக்கரைப் பார்த்தேன். உனக்குத் தெரியாமல் இனி எதுவும் செய்யமாட்டேன், ஆனால் சும்மாவும் இருக்கமாட்டேன்." முதலில் அவன் கைப்பேசியைத் திறந்ததற்காகத்தான் கத்துவான். கத்தட்டும். ஸ்டிக்கரைப் பற்றிப் பேசுவதைவிட அவனுக்கு அது சுலபம். அந்தக் குரல் பதிவுப் பேச்சை அன்றே எடுக்க வேண்டாம், ஓரிரு நாள் கழித்து எடுங்கள், ஆனால் பள்ளிக்குப் போகும் முன் எடுத்துவிடுங்கள்.

கைப்பேசியைப் பிடுங்கலாமா என்றால், வேண்டாம். பிள்ளைகள் ஏன் இதையெல்லாம் வீட்டில் சொல்வதில்லை தெரியுமா? இரண்டே பயம். சொன்னால் போன் போய்விடும், அல்லது அம்மா பள்ளிக்கு வந்து மானத்தை வாங்கிவிடுவார். நீங்கள் பிடுங்கினால் முதல் பயம் உண்மையாகிவிடும், ஸ்டிக்கரும் நிற்காது, அவன் இல்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் பள்ளி நேரம் முழுக்க, இடைவேளை, சிசிஏ (இணைப்பாட நடவடிக்கை) உட்பட, கைப்பேசியும் ஸ்மார்ட் வாட்சும் கூடாது என்று கல்வி அமைச்சு விதி கொண்டுவந்திருக்கிறது. நல்ல விதிதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உங்கள் மகனுக்கு நடப்பது பள்ளி மணி அடித்த பிறகு நடப்பது. எம்ஆர்டியில், அறைக்கதவைச் சாத்திய பின் படுக்கையில். பிடுங்குவதற்குப் பதிலாக ராத்திரி எல்லோருடைய கைப்பேசியையும் ஹாலில் சார்ஜ் போடுங்கள். எல்லோருடையதும் என்றால் அப்பாவுடையதும்தான், இல்லாவிட்டால் அவனுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்று போய் யார் அவனை குரூப்பில் சேர்க்கலாம் என்பதை 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்ற முடியும், வேண்டாத ஆளை அதிலும் விலக்க முடியும். அதை அவன் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.

குரூப்பை விட்டு இப்போதே வெளியேற வேண்டாம். முதலில் எடுத்து வைக்க வேண்டியதை எடுத்து வையுங்கள், அப்புறம் மியூட் செய்துவிடலாம். வெளியேறினால் இப்போதெல்லாம் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும் என்பதால், பிறகு அவன் விரும்பினால் சத்தமில்லாமல் விலகிக்கொள்ளலாம். எடுத்து வைப்பது என்றால் ஒற்றை ஸ்டிக்கரை மட்டும் படமெடுப்பதில்லை. தேதி, நேரம், அனுப்பியவர் பெயர், அதற்கு முன்னும் பின்னும் என்ன பேச்சு ஓடியது, குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல், எல்லாம் தெரிய வேண்டும். கூடவே ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்தத் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. உடை மாற்றும் இடத்திலோ கழிவறையிலோ எடுத்த படம் ஏதாவது கண்ணில் பட்டால் அதை நகலெடுக்காதீர்கள், ஆசிரியருக்குக்கூட அனுப்பாதீர்கள். பிள்ளைகளின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். கைப்பேசியோடு நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்கவே கேட்காத ஒரு விஷயம். கடிதம் முழுக்க ஸ்டிக்கர் செய்த அந்த ஒரு பையன்தான் இருக்கிறான். எனக்கு அவனைவிட மற்றவர்கள்மேல்தான் அக்கறை. பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சல்மிவல்லி 1996-இல் வகுப்பறைப் பகடிவதையில் (புல்லியிங்) பிள்ளைகள் எடுக்கும் பாத்திரங்களைப் பிரித்துக் காட்டினார். தொடங்குகிறவன், கூடச் சேர்கிறவன், சிரித்து ஊக்கம் கொடுக்கிறவன், ஒதுங்கி நிற்கிறவன், பாதிக்கப்பட்டவனுக்காகப் பேசுகிறவன். அந்த வழியில் வளர்ந்ததுதான் பின்லாந்துப் பள்ளிகளின் 'கிவா' திட்டம். தொடங்கியவனை மட்டும் பிடித்துக்கொண்டிருக்காமல், வேடிக்கை பார்க்கிறவர்களை நகர்த்துவதுதான் அதன் வேலை. கனடாவில் பள்ளித் திடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001-இல் எழுதியதும் இதற்கு ஒத்துப்போகிறது. இன்னொரு பிள்ளை குறுக்கே வந்து பேசியபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே விநாடிக்குள் தொந்தரவு நின்றிருக்கிறது.

திடலில் ஒருவன் சிரிக்காமல் நின்றால் மற்றவர்கள் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் சிரிக்காதவன் கண்ணுக்கே தெரியமாட்டான், அதுதான் இதில் பெரிய கொடுமை. முப்பது பேர் இருக்கிற குரூப்பில் ஆறு பேர் ஸ்டிக்கர் போட்டால் உங்கள் மகனுக்கு முப்பது பேரும் போடுகிற மாதிரிதான் இருக்கும். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். அவனோடு உட்கார்ந்து குரூப்பை மேலே தள்ளித் தள்ளிப் போய், "இதில் ஒரு தடவைகூட அந்த ஸ்டிக்கரைப் போடாதது யார் யார்?" என்று கேளுங்கள். அவன் எண்ணட்டும். பெயர்கள் வர வர அவன் முகத்தைப் பாருங்கள். அதில் ஒருவனிடம், ஒருவனிடம் போதும், மகன் தனியாக மெசேஜ் போடலாம். ஸ்டிக்கரைப் பற்றி இல்லை, வீட்டுப்பாடம் பற்றியோ சனிக்கிழமை கீழே கோர்ட்டில் காற்பந்து ஆடலாமா என்றோ. வந்தால் ஆடி முடித்ததும் காப்பிக்கடையில் இரண்டு பேருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுங்கள், நீங்கள் வேறு மேசைக்குப் போய்விடுங்கள். அந்தப் பையன் குரூப்பில் பெரிய வீரவசனமெல்லாம் பேசத் தேவையில்லை. "போதும்டா, போரடிக்குது" என்று ஒரு வரி எழுதினாலே அடுத்தவன் ஸ்டிக்கர் போடுமுன் யோசிப்பான். எழுதாவிட்டாலும் பரவாயில்லை, திங்கட்கிழமை காலையில் போய்ப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருக்கும்.

பள்ளிக்கு எழுதும்போது வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் போடுங்கள், அந்த வகுப்பு நிலைக்குப் பொறுப்பான இயர் ஹெட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆலோசகர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார், அவரும் சந்திப்பில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கடந்த ஐந்தாண்டுச் சராசரியாக உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஆயிரம் மாணவருக்கு 6 பகடிவதைச் சம்பவங்கள், தொடக்கப்பள்ளிகளில் 2 என்று கல்வி அமைச்சு 2025-இல் நாடாளுமன்றத்தில் சொன்னது. பள்ளியின் காதுக்கு வந்தவைதான் அந்தக் கணக்கு, உங்கள் மகனுடையது இன்னும் அதில் ஏறவில்லை.

சந்திப்பில் "அவனுக்கு என்ன தண்டனை?" என்று தொடங்காதீர்கள். இன்னொரு பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்பதைப் பள்ளி உங்களிடம் சொல்லவும் செய்யாது, பேச்சு அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். வேறு கேள்விகள் கேளுங்கள். அந்தப் பையன்களைக் கூப்பிட்டு விசாரிக்கிற நாளன்று என் மகனை யார் பார்த்துக்கொள்வார்? "போட்டுக்கொடுத்துவிட்டான்" என்று மறுநாள் யாராவது பழிவாங்கினால் அவன் எந்த ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? வகுப்பு முழுக்க, பார்த்துக்கொண்டிருந்தவர்களோடும் சேர்த்து, என்ன பேசப்போகிறீர்கள்? நாம் மறுபடி எந்தத் தேதியில் சந்திக்கிறோம்? தேதி வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். இன்னொன்று, இரண்டு பையன்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கை குலுக்க வைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு யாராவது சொல்லக்கூடும். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது சரி. ஒரு பக்கம் கூட்டம், ஒரு பக்கம் ஓர் ஆள் என்கிறபோது, அந்த அறையில் பலசாலி மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் அதையும் ஒரு ஸ்டிக்கராக்குவான். "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எதிர் புளோக்குக்குப் போகாதீர்கள். வாசலில் நின்று பேசினால் எந்தத் தாயும் தன் பிள்ளையைத்தான் காப்பாற்றப் பார்ப்பாள், நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள், ராத்திரி அந்தப் பையன் குரூப்பில் "அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டான்" என்று எழுதுவான். மின்தூக்கியில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போங்கள். அந்தப் பையனின் பெயர், படம், புளோக் எண் எதையும் ஃபேஸ்புக்கில் போட்டுவிடவும் கூடாது. துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரியிலிருந்து இங்கே குற்றம், கோபத்தில் தட்டிவிட்ட ஒரு பதிவால் நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

போலிஸ்? இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. அடிப்பேன் என்று மிரட்டினாலோ, காசு கேட்டாலோ, கை வைத்தாலோ, நான் மேலே சொன்ன மாதிரிப் படம் வந்தாலோ அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போய்விடுங்கள், அப்போது பள்ளியின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014-இலேயே வந்துவிட்டது, அதற்கென்று தனி நீதிமன்றம் 2021 ஜூன் முதல் இருக்கிறது, பாதுகாப்பு உத்தரவு கேட்க வழி உண்டு. பள்ளி கைவிட்டால் அந்தக் கதவு இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

உங்கள் கணவருக்கு: ஐயா, குத்து விட்டால் குத்து மட்டும்தான் வீடியோவில் இருக்கும். அதற்கு முன் இத்தனை நாள் ஓடிய ஸ்டிக்கர் அதில் வராது. மறுநாள் டிஸிப்ளின் மாஸ்டர் முன் நிற்பது உங்கள் மகனாக இருப்பான். ஆனால் நீங்கள் சொல்வதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, நம் தலைமுறை ஆண்களில் பள்ளியில் நிறத்துக்காகக் கேலி கேட்காதவர் குறைவு. உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், அன்று வீட்டுக்கு வந்து எப்படி இருந்தது என்று மகனிடம் சொல்லுங்கள். "நானெல்லாம் தாங்கிக்கொண்டேன்" என்று மட்டும் அதை முடித்துவிடாதீர்கள்.

அந்தக் கிரீம் விஷயம். ஒளித்து வைக்காதீர்கள், "கறுப்புதான் அழகு" என்று திடீர்ப் பிரசங்கமும் வேண்டாம், பதின்மூன்று வயதில் அது காதில் ஏறாது. வீட்டில் நாம் என்ன பேசுகிறோம் என்று மட்டும் ஒரு வாரம் கவனியுங்கள். கல்யாண ஆல்பம் பார்க்கும்போது, பெண் பார்த்துவிட்டு வந்து பேசும்போது, "கொஞ்சம் கலர் கம்மி" என்று யார் வாயிலிருந்து வருகிறது? அந்த குரூப்புக்குப் பெயர் வைத்தவன் வெளியில் இருக்கிறான், சரிதான், ஆனால் அந்தப் பெயர் குத்துவதற்கு நாமும் கொஞ்சம் இடம் வெட்டிக் கொடுத்திருக்கிறோம். இது சிங்கப்பூரில் மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள், ஊரிலும் இதே கதைதான். பள்ளிக்கு எழுதும்போது மட்டும் இதை மழுப்பாதீர்கள். "பட்டப்பெயர்" என்று எழுதினால் பையன்கள் விளையாட்டு என்று ஓரமாக வைத்துவிட இடமுண்டு. அந்தப் பெயரை அப்படியே எழுதி, இது இனத்தையும் நிறத்தையும் இழிவுபடுத்துவது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

திக்கிப் பேசும் பையனிடம் உங்கள் மகன் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்போது, எப்படி என்பதை ஆலோசகரிடம் விடுங்கள், அந்தப் பையனுக்குச் சம்மதம் இருக்கிறதா என்று கேட்பதும் அவர் வேலை. வார்த்தைகளை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். குரூப்பில் கேட்க வேண்டாம், அங்கே கேட்டால் அதுவும் கூட்டத்துக்குக் காட்டுவதாகிவிடும். நேரில், சின்னதாக, "நான் செஞ்சது தப்பு, அதை அழிச்சிட்டேன்" என்றால் போதும். அழிப்பது பள்ளி பார்த்த பிறகுதான். மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவை அவன் பக்கம் மட்டும்தான் அழிக்க முடியும், மற்றவர்கள் கைப்பேசியில் அது கிடக்கும் என்பதும் அவனுக்குத் தெரியட்டும்.

சாப்பாடு, தூக்கம் இரண்டையும் கவனியுங்கள். வயிற்றுவலி திங்களோடு நிற்காமல் ஞாயிறு மாலையே தொடங்கினால், "இருந்து என்ன ஆகப்போகுது" மாதிரிப் பேச்சு வந்தால், பள்ளிச் சந்திப்புவரை பொறுக்காதீர்கள். தேசிய மனநல உதவி எண் 1771 இருபத்துநான்கு மணிநேரமும் இயங்குகிறது, தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் எண் 1767. நீங்களே முதலில் கூப்பிட்டு எப்படிப் பேசுவது என்று கேட்கலாம். தொடக்கப்பள்ளியில் தம்பி தங்கை யாராவது இருந்தால் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் 'டிங்கிள் ஃபிரெண்ட்' எண்ணைக் கொடுத்து வையுங்கள், 1800-2744-788. தமிழில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும் என்றால் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையத்தைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் கணவரும் கூட வந்தால் நல்லது.

மின்னஞ்சலை இந்த வாரமே எழுதிவிடுங்கள். அனுப்பும் முன் மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள், குரல் பதிவு பற்றிய பத்தியையும் சேர்த்து. எந்த வரியை எப்படிச் சொல்வது என்று அவன் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், பத்தியையே எடுத்துவிடச் சொன்னால் எடுக்காதீர்கள், அன்று அனுப்பவும் வேண்டாம், இன்னொரு நாள் நடந்துவிட்டு வாருங்கள். சந்திப்பில் பள்ளி என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்ததைப் பேசலாம்.